அடுத்த பதிப்பில் பார்க்கலாம்

செப்டம்பர் 3, 2008, புதன்

இன்சூக் ஜெயித்துவிட்டாள். என் கணவரின் அக்கா. முகத்துக்கு நேரே "அக்கா, வாங்க". இந்த நோட்டில் வெறும் "அவள்"தான்.

தேகு நகரத்திலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று கத்தினாள்: "அம்மா! ஒத்துக்கிட்டாங்க! புதுப் பதிப்புல மகள்கள் பேரும் வருது!" குலத்தின் வம்சாவளிப் புத்தகத்தைச் சொன்னாள். போன பதிப்பு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அதில் மகள் பிறந்தால் அவள் பெயர் இருக்காது, அவளைக் கட்டியவன் பெயர்தான் இருக்கும். மகள்களும் குலத்து உறுப்பினர்களே என்று உச்ச நீதிமன்றம் மூன்று வருஷம் முன்பு சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு குலத்துக் கிழவர்களின் ஒவ்வொரு கூட்டத்திலும் போய் நின்றாள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம்கூட வந்தது.

அத்தை அழுதார். என் கணவர் கிதெ கைதட்டினார். நான் பேரிக்காய் நறுக்கினேன். நல்ல விஷயம்தான், அது எனக்குத் தெரியாதா? ஆனால் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "யுல் அம்மா, உனக்கும் இது வெற்றிதான். நாம எல்லாரும் பொண்ணுங்கதானே" என்றாள். வயிறு எரிந்தது.

செப்டம்பர் 5

அவள் படத்தை அத்தை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். முட்டை எடுக்கப் போனால் அவள் முகம். பால் எடுக்கப் போனாலும் அவள் முகம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிதெயின் பெரியப்பா வந்தார். எங்கள் கிளைக்கு அவர்தான் தலைவர். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் கிளையின் பக்கங்களைக் கணினியில் அடித்துத் தர வேண்டுமாம். ஊரிலேயே வேகமாக, பிழையில்லாமல் கொரிய எழுத்து அடிப்பவள் வியட்நாம்காரி என்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம். "பசங்க அடிச்சா பக்கத்துக்கு நூறு தப்பு. உனக்குக் கை சுத்தம்" என்றார்.

பாதி வேலையில் என் கட்டம் வந்தது. மகன்: கிதெ. மனைவி: காலி. மனைவி என்ற இடத்தில் அவளுடைய அப்பாவின் குலமும் அந்தக் குலத்தின் பூர்வீக ஊரும் வர வேண்டும். நான் பிறந்த வின் லாங்கில் எங்களுக்கு ஆறு இருந்தது, பலாமரம் இருந்தது. பூர்வீகக் குலம் என்று எதுவும் இல்லை.

"இங்க என்ன போடணும் மாமா?"

தலையைச் சொறிந்தார். "கிம்ஹே ஊர் கிம் குலம்னு போட்டுடுவோமா? பாதி நாடே அவங்கதான், ஒண்ணு கூடினா யாருக்குத் தெரியப்போவுது?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும், "சரி, விட்டுடு, காலியா இருக்கட்டும்" என்றார்.

எட்டு வருஷமாக இந்தக் குலத்தின் முன்னோர்களுக்குச் சமைக்கிறேன். எந்தத் தாத்தாவுக்கு எந்த மீன் என்று இன்சூக்குக்குத் தெரியுமா?

செப்டம்பர் 14, ஞாயிறு. சுசோக் பண்டிகை

காலையில் படையல். இந்த வருஷம் இன்சூக்கும் ஆண்களோடு வரிசையில் நின்று விழுந்து கும்பிட்டாள். மது ஊற்றும் முறையும் அவளுக்குக் கிடைத்தது. கண்ணீர் வடிந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என் கை முழுக்க மாவு.

சாப்பிட்டதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, என் பேரையும் போடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

கையைப் பிடித்துக்கொண்டாள். அன்பாகத்தான் பேசினாள், அதுதான் தாங்கவில்லை. "இப்பதான் கெஞ்சிக் கூத்தாடி மகள்களை உள்ள விட்டிருக்காங்க. மருமகள்களையும் சேத்துக் கேட்டா ரெண்டும் போயிடும். அடுத்த பதிப்புல பார்க்கலாம், யுல் அம்மா."

அடுத்த பதிப்பு! எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. முப்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற புத்தகம். ஐம்பத்தெட்டு வயதில் உள்ளே போவேனா? அதுவரை கதவிடுக்கா?

செப்டம்பர் 16

இன்று என் மகள் யுல் பெயரை அடித்தேன். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, அவளுக்கு அழகாக ஒரு வரி. அப்பா பெயர் உண்டு. பெற்றவள் காலி. பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எழுதவே கூசுகிறது. ஆனாலும் பட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பகலில், குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தபோது, இன்சூக்கின் வரியை அழித்துவிட்டேன்.

ஒரே ஒரு பொத்தான். அவளுக்குக் கீழே இருந்த வரி ஏறி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை போல. சோறு நன்றாக இறங்கியது.

செப்டம்பர் 23, செவ்வாய்

நிம்மதியில்லை. மூன்று வருஷம் அலைந்தவள். அலையட்டுமே! எனக்காக ஒரு நாள் அலைந்தாளா? — அலையவில்லை. அதற்காக?

மாலையில் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லை. "என்னோடதை வாசி" என்றார்.

வாசித்தேன். "மனைவி: புங்சான் ரியூ குலத்தாள்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அத்தை."

"பேரு?"

பெயர் இல்லை. யாருடைய மனைவிக்கும் இல்லை. நாற்பத்தொரு மனைவிகளையும் நானேதான் அடித்தேன், ஒரு தடவைகூட உறைக்கவில்லை. என் காலிக் கட்டத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"உங்க பேர் என்ன அத்தை?" எட்டு வருஷத்தில் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் புங்சான்காரம்மா.

யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹூநாம்." அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயராம். "பொறந்தானா?" என்று கேட்டேன். "எங்க? இன்னும் ரெண்டு பொண்ணு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 24

இன்சூக்கைத் திரும்ப அவள் இடத்தில் வைத்தேன். மனசாரத்தான் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அத்தை கட்டத்தில் அடித்தேன்: ரியூ ஹூநாம். என் கட்டத்தில்: த்ரான் தி லியென், வின் லாங். இரண்டு பெயர் போட்டால் திருட்டு. நாற்பத்தொன்றும் போட்டால்?

செப்டம்பர் 30, செவ்வாய்

சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் போனிலும் பெயர் கேட்டு அலைகிறேன். ஒரு பாட்டி, "எதுக்கு, போலீஸா?" என்றார். இன்னொருவர் தன் பெயரை மெல்லச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை சொல்லவா என்று கேட்டார். செத்துப்போனவர்களின் பெயரை மகள்கள் சொன்னார்கள். முப்பத்தாறு கிடைத்துவிட்டது.

ஆனால் எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான். "இதெல்லாம் நம்ம இன்சூக் ஏற்பாடா? தங்கமான பொண்ணு!"

நடந்து தேய்வது என் செருப்பு. தங்கம் அவள்!

அக்டோபர் 10

நாற்பத்தொன்றும் சேர்ந்துவிட்டது. பெரிய மாமா படிக்காமலேயே முத்திரை குத்தினார். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்." அச்சகத்துக்குப் போய்விட்டது.

நவம்பர் 16, ஞாயிறு. குலத்துப் படையல்

காலையிலிருந்து சமாதி மேட்டுக்குக் கீழே அடுப்படியில் இருந்தேன். மேலே புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். பிறகு பெரிய மாமாவின் குரல் கேட்டது. "இன்சூக்! இடம் குடுத்தா மடத்தையே பிடுங்குவியா? கட்டிட்டு வந்தவங்க பேரெல்லாம் இதுல எப்படி வந்துச்சு?"

ஓடினேன். இன்சூக் புத்தகத்தைப் பார்த்தாள். மேட்டின் கீழே நின்ற என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். நிமிர்ந்து சொன்னாள்: "ஆமா பெரியப்பா. நான்தான் செஞ்சேன்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். தெரியும். ஆனால் அந்தக் கணம் எனக்குள் எழுந்தது நன்றியில்லை. திட்டுகூட இவளுக்குத்தானா? இதையும் எடுத்துக்கொள்வாளா?

"பொய்! நான்தான் அடிச்சேன்" என்று கத்திவிட்டேன். கையில் தோசைத் திருப்பி. "அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு பேரையும் நான்தான் கேட்டு வாங்கினேன். என் பேரும் இருக்கு, பாத்துக்கோங்க."

இறங்கி வரும்போது இன்சூக் என் காதோரம் சீறினாள். "முட்டாள், உனக்காகத்தானே சொன்னேன்!"

"நான் கேட்டது அதையா அக்கா?"



நவம்பர் 22, சனி

கிழவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். திரும்ப அச்சடிக்க முடியாது, மனைவிகளின் பெயர் மேல் வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டுவது. பெரிய மாமா பசையும் காகிதமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உனக்குத்தான் கை சுத்தம்."

"மாட்டேன் மாமா."

அத்தையைப் பார்த்தார். "என் பேர் மேல நானே ஒட்டணுமா?" என்றார் அத்தை. திட்டு வாங்குவோம் என்று பயந்து அடுக்களைக்குள் போய்விட்டார், ஆனால் கேட்டுவிட்டார்.

நவம்பர் 29

ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் ஒட்ட வரவில்லையாம். இன்சூக்கும் போனில் முடியாது என்றாளாம். பெரிய மாமாவே உட்கார்ந்து ஒரு பிரதியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு, குலத்தின் ஐந்தாவது தலைமுறையே திறக்க வரவில்லை என்று கிதெ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 4, வியாழன்

பசை டப்பா திரும்பிப் போனது. புத்தகங்கள் அப்படியே தபாலில் போகின்றன. உறைகளில் முகவரி எழுதும் வேலையைப் பெரிய மாமா எனக்கே அனுப்பினார், இதை மறுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு உறையிலும் வீட்டுக்காரர் பெயருக்குப் பதிலாக அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதினேன். அத்தையினுடையதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொடுத்தேன், ஆனால் அவர் விடவில்லை: "இல்ல, தபால்காரன் வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

இன்சூக்கின் உறையைக் கடைசியில்தான் எழுதினேன்.