யோசிக்க மூன்று நாள்

மார்ச் 3, திங்கள்

குட்டிக்கு ஏழு மாதம். எதையும் பிடிக்கத் தெரிகிறது, விடத் தெரியவில்லை. என் தலைமுடியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். அசையாமல் எழுதுகிறேன்.

முன்பின் தெரியாதவருக்கு முன்பின் தெரியாதவர் கடன் கொடுக்கும் செயலி எங்களுடையது. அதில் வரும் தமிழெல்லாம் நான் எழுதுவது. இப்போது ஒழுங்குமுறை அலுவலகம் போட்ட புது விதி: மனம் மாறினால், கடன் வாங்கிய மூன்று நாளுக்குள் அபராதமில்லாமல் திருப்பிவிடலாம். அதற்கொரு தமிழ்ப்பெயர் வேண்டுமாம். ஆங்கிலத்தில் ‘கூலிங்-ஆஃப் பீரியட்’. கணினி மொழிபெயர்த்துத் தந்தது, ‘குளிர்விக்கும் காலம்’.

“கடனை ஃபிரிட்ஜுல வைக்கணுமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 5

அரைத்தூக்கத்தில் வந்தது: ‘யோசிக்க மூன்று நாள்’. கனவில் அந்த எழுத்துகள் குட்டியின் சட்டைகளோடு கொடியில் ஆடிக்கொண்டிருந்தன.

மார்ச் 6

மேலாளருக்குப் பெயர் பிடித்தது. இடம்தான் பிடிக்கவில்லை. “விதிப்படி இருந்தா போதும்மா. பளிச்சுன்னு தெரியணும்னு யார் சொன்னா?”

கடைசிப் பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் நிறத்தில் வைத்தேன். நானேதான். வேலை போனால் வாடகைக்கு எங்கே போவது?

மார்ச் 11

நாத்தனார் ஃபோன். தையல் மிஷினுக்காக முந்தாநாள் எங்கள் செயலியிலேயே கடன் எடுத்திருக்கிறாள். கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார், வாங்கவில்லை. பணம் அப்படியே இருக்கிறது.

“திருப்பிடலாம்னு பாத்தா எங்க அமுக்கணும்னே தெரியல அண்ணி.”

“கடைசிப் பக்கம், அடியில பாரு.”

“ஒண்ணுமில்லையே... ஏதோ அழுக்கு மாதிரி இருக்கு.”

அந்த அழுக்கு என் எழுத்து. அதைத்தான் அமுக்கச் சொன்னேன். பணம் திரும்பிவிட்டது. அண்ணி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

மார்ச் 14

ஒழுங்குமுறை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அம்மா வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் தேடினார். “அந்த மூணு நாள் எங்கம்மா?”

“இருக்கு மேடம், இருக்கு” என்ற மேலாளர் என்னைப் பார்த்தார்.

தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. எங்கோ தூரத்தில் என் குரல்: “கண்ணுல படாத மாதிரி வச்சிருக்கோம். வச்சது நான்தான்.”

ஐயோ, என்ன சொல்லிட்டேன்?

மார்ச் 21

செயலியைத் திறந்தேன், வெளியாளாக. திங்கட்கிழமை முதல் என் கடவுச்சொல்லை அலுவலகக் கணினி ஏற்கவில்லை. முதல் பக்கத்திலேயே, பெரிய பச்சை எழுத்தில்: யோசிக்க மூன்று நாள்.

குட்டி என் விரலைப் பிடித்திருந்தாள். மெல்ல விட்டாள். தன் வெறுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அவளாகவே மறுபடி பிடித்துக்கொண்டாள்.