காதுக்கென்று கிளம்பிய பயணம்

அன்பு மகள் லிபியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா. போனை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்துவிட்டாளே என்று பயப்படாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரில் எப்படிப் பேசுவது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூங்கொடி மாடி அறையைக் கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் ஆறு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள், அவளுக்கு இந்தியில் ஆறு வார்த்தை தெரியாது, கன்னடத்தில் திட்டினால் நல்லாவே புரிஞ்சுக்கிறாங்க என்கிறாள். அப்பா விஷயம்தான் சரியில்லை. இருபத்தெட்டு வருடம் தனியறையில் பல்சக்கரங்களை அளந்து பார்த்த மனுசனை லாரியில் சரக்கேற்றும் இடத்துக்கு மாற்றி நான்கு மாதம் ஆகிறது. ஹாரன் சத்தத்துக்கும் டிரைவர்கள் கூச்சலுக்கும் நடுவில் நின்றுவிட்டு வருகிறார், வந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார். சட்டைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

உன் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் கேட்டதாக நீ அனுப்பிய ஆஸ்பெர்ஜர் விவரத்தை, அந்தச் சத்தமும் திடீர் மாற்றமும் தாங்காத ஆட்டிச வகையைப் பற்றியதை, ஐந்தாறு முறை படித்தேன், யாரோ நம் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய அறைக்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றாய், சரி, கூட்டிப்போகலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் என் புத்தி உனக்குத் தெரியாதா, நேராகச் சொல்லாமல் ஒரு நாடகம் போட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை, பெங்களூரில் காட்டணும், துணைக்கு வாங்க என்றேன். அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து மூன்று நாள் என் முன்னால் வந்து நின்று உரக்கப் பேசினார். குக்கர் விசிலுக்கே வாசலுக்கு ஓடுகிற மனுசன், தன் சத்தம் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாப்ட்டியா மேரி என்று கத்துகிறார். முதல் நாள் சிரித்தேன். மறுநாள் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். கல்யாணமான ஐந்தாம் மாதம், எனக்குப் பத்தொன்பது வயது, ஏப்ரல் ஒன்றாம் தேதி. அவர் ஷிப்டுக்குப் போனதும் நானும் உன் சித்தியும் கட்டில், கடிகாரம், அவர் சட்டைகள், சோப்பு டப்பா வரை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். வந்தவர் வாசலில் நின்றார், இரண்டு காதையும் பொத்தினார், கண்ணை மூடினார், திரும்பி நடந்துவிட்டார். மறுநாள் மதியம் வெகுதூரம் தள்ளி உத்தனப்பள்ளியில் பஸ் நிற்கிற இடத்தில் கண்டுபிடித்தோம், காலில் செருப்பில்லை. சிங்கராயரைக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சா சங்கடராயர்ல வந்து வாய்ச்சாரு என்று அவர் பெயரையே திரித்துச் சொல்லி, காதைப் பொத்தி நடித்துக் காட்டி, இருபத்தேழு வருடமாக எத்தனை கல்யாண வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார். இப்போது தலைமுடியைக் காதோரம் ஒதுக்கப் போனால்கூட அந்தச் சிரிப்பெல்லாம் திரும்ப வந்து கேட்கிறது.

போன வியாழன் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸில் ஒரே நெரிசல், ஹாரன் விடாமல் அடிக்கிறது, அதிலும் அவர் என் பக்கம் குனிந்து, காது வலிக்குதா மேரி என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என்னால் முடியவில்லை, பாதி வழியில் சந்தாபுராவில் அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே ஓர் இளநீர்க் கடை நிழலில் உட்காரவைத்து, டாக்டரைப் பார்ப்பது உங்களுக்காகத்தான் என்று சொல்லி, நீ எழுதியதை முழுசாகப் படித்துக் காட்டினேன். அப்புறம், உன் காதுக்கு ஒண்ணும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார், பழைய மெதுவான குரலில். டாக்டருகிட்ட வர்றேன், இன்னிக்கு வேணாம், இன்னிக்கு உன் காதுக்குன்னு கெளம்பினது என்றார். அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் வந்து ஓசூர் பஸ் ஏறினோம்.

டாக்டரைப் பார்க்கும் நாளை அடுத்த மாதம் கடைசி வியாழனுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். அந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், என்னென்ன கேட்பார்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லலாமா என்றெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், நீயே டாக்டரிடம் விசாரித்து அப்பாவுக்கே நேராக எழுது, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இரவு ஷிப்டு முடிந்து தனியாக நடந்து வராதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நீ தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும்.

இன்னும் ஒன்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார், இதுக்குன்னு ஒரு பேரு இருக்குதுன்னா, இத்தனை வருசமா நீங்கெல்லாம் என்னைப் பத்திச் சொன்னது என்ன ஆவும் என்று. கோபமாகக் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார். நீயும் யோசித்து வை, சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து நீயும் சிரித்தவள்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னமேரி
மத்திகிரி, ஓசூர்