மேலேயிருந்து பேசுகிறேன்

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் முழங்கால் பழையபடிதான். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவதாக உன் தம்பி மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் திட்டுகிற இடத்தில் அவள் சர்க்கரை போடுவாள். மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்து என்னுடையது. கோணலாகத் தெரிந்தால் தலையைச் சாய்த்துப் படி.

குடும்ப வாட்ஸ்அப்பில் "இனிமே எனக்குத் தம்பி இல்ல, துரோகியோட எனக்கென்ன உறவு" என்று நீ போட்டதை அவள்தான் வாசித்தாள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். மறந்துவிடுமோ என்று பயந்து அல்ல. உன் கல்யாணத்தில் உன் மாமியார் எனக்குக் கால் ஆடுகிற நாற்காலியைப் போட்டது வரை ஞாபகம் இருக்கிறது. நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதுகிறேன்.

நான்கு நாள் விடாத மழை. நாலு மணிக்கு அணையின் ஆறு கதவையும் திறக்கச் சொல்லிச் சின்னவனுக்கு உத்தரவு. திறந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எல்லை தாண்டி அந்த நாட்டுக்குள் போய்விடும். அங்கே ஆற்றுப் படுகையிலேயே குடிசை போட்டுச் செங்கல் அறுக்கிறார்கள். உன் அப்பா இதே அணையில் வேலை பார்த்தபோது, திறக்கும் முன் கீழே அவர்கள் காவலறைக்கு போன் போடுவார், நீயும் பார்த்திருக்கிறாய். "மேலேயிருந்து பேசுறேன்" என்பார். "கீழே கேக்குது" என்று பதில் வரும். பேர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை. எத்தனை கதவு, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். "ஜனங்க ஏறிட்டாங்க" என்று அங்கிருந்து சொன்ன பிறகுதான் சக்கரத்தில் கை வைப்பார். நடுவில் ஒரு சண்டையே வந்து போனது. அந்த போன் நிற்கவில்லை.

இந்தத் தடவை எல்லையில் சுட்டுக்கொண்டதும் மதகு அறையின் போன் இணைப்பை வெட்டிவிட்டார்கள். சுவரில் எண் எழுதிய பலகையையும் கழற்றிப் போனார்கள். அந்தப் பக்கம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சின்னவனிடம் கையெழுத்து வேறு. அன்று மூன்று மணிக்கு வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தான். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான். என்னடா என்றேன். "ஒண்ணுமில்லம்மா, நாலு மணிக்குத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பலகையைக் கழற்றலாம், என் மண்டையை யார் கழற்றுவது? அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் அந்த மழைக்காலம் முழுவதும் அவருக்குப் பதிலாக நான்தான் அந்த எண்ணைச் சுழற்றினேன். மருமகளின் செல்போனை வாங்கினேன். கூப்பிட்டது நான். உன் தம்பி இல்லை.

ஒரு பெண் எடுத்தாள். மேலேயிருந்து பேசுகிறேன் என்றேன். "கீழே கேக்குது" என்றாள். ஆறு கதவு, நாலு மணி என்றேன். "அரை மணி கூடக் குடுங்கம்மா, சூளைப் பக்கம் புள்ளைங்க இருக்கு" என்றாள். செல்போனோடு மழையில் நொண்டிக்கொண்டே மதகு அறைக்கு ஓடினேன். சின்னவன் அளவுக்கல்லை எட்டிப் பார்த்தான். "நிரம்ப இன்னும் நாலு விரக்கடை இருக்கு, தாங்கும்" என்றான். காத்திருந்தோம். ஏறிவிட்டார்கள் என்று அவள் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, நாலரைக்குத் திறந்தான். அணைக்கு ஒரு கீறல் இல்லை. நம் கொல்லையில் தண்ணீர் ஏறி என் புடவைப் பெட்டி நனைந்தது, அதுதான் நஷ்டம்.

செல்போனில் எண் இருந்ததைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்கள். தான்தான் பேசியதாகச் சின்னவனே பழியைத் தலையில் போட்டுக்கொண்டான். எனக்கு ஒரு வாரம் சொல்லவில்லை, திருட்டுப் பயல். வேலை நீக்கமா, அதற்கு மேலா என்று வியாழக்கிழமை முடிவு செய்கிறார்களாம்.

மாமாவைக் கொன்றவர்களுக்கா இந்த உபகாரம் என்று கேட்டிருக்கிறாய். உனக்கு அவர் சுவரில் மாட்டின படம். எனக்கு அண்ணன். சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மேல் குண்டு விழுந்தது. விழப்போகிறது என்று தெரிந்த ஒருத்தனாவது அந்தப் பக்கம் இருந்திருப்பான். வாயைத் திறக்கவில்லை. அவன் முகம் தெரியாது, பேர் தெரியாது. ஐம்பத்திரண்டு வருடமாக அவனைச் சபிக்கிறேன். அன்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நானும் அவனும் ஒன்று. கொடி மட்டும் வேறு.

நான் அவர்களை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அங்கிருந்து நாங்கள் ஆறு தாண்டி ஓடிவந்தபோது, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி என் அம்மாவின் தையல் மிஷினை வாங்கி வைத்துக்கொண்டாளே ஒருத்தி, அவளை இப்போது பார்த்தாலும் முடியைப் பிடிப்பேன். அவள் பேத்தி அந்தச் சூளையில் செங்கல் அடுக்கினாலும் அடுக்கியிருப்பாள். இருக்கட்டும். தண்ணீர் வருவது தெரிந்தவள் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு அவர்களைப் பிடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் நாடு எனக்கு வேண்டும்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு குழந்தைகளைச் சாகவிடு என்று அது கேட்டால், உன்னை அறைகிற மாதிரி அதையும் அறைவேன்.

வியாழக்கிழமை நான் போகிறேன். பேசியது நான்தான் என்று அவர்கள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வேன். எண்ணையும் ஒப்பிப்பேன், வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பயமில்லை. அரை மணி காத்திருந்தது மட்டும் சின்னவன் கணக்கு. அதற்கு அவன் பக்கத்தில் நீ வந்து உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

இருபத்தாறு வருடமாக நான் கூப்பிடாத எண்ணில், முன்பின் தெரியாத ஒருத்தி எடுத்து, கேட்கிறது என்றாள். உன் தம்பியை நீ கூப்பிட்டுப் பதினொரு நாள்தான் ஆகிறது. அவன் எண் மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. மறதி நம் ரத்தத்தில் கிடையாது.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வருடம் நன்றாக இருங்கள். புதன்கிழமை சாயங்காலம் உனக்கும் சேர்த்து உலை வைப்பேன்.

உன் அம்மா