மூன்று மணி விளக்கு

17 பிப்ரவரி 2005, வியாழன்

இன்று பேரூராட்சி ஆபீஸில் தெருவிளக்கு டெண்டரைப் பிரித்தோம். அதிக மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தருவதாக எழுதி உறுதி கொடுக்கும் கம்பெனிக்குத்தான் வேலை. வந்தவை இரண்டு. முதல் கம்பெனி, நள்ளிரவுக்கு மேல் ஒன்றுவிட்டு ஒரு விளக்கை அணைத்துவிடுமாம். அதனால் மிச்சம் அதிகம். இரண்டாவது கம்பெனி இன்ஜினீயர் உப்பளச் சாலையில் எக்கியார்குப்பம் வரை நடந்தே பார்த்தவர். அந்தச் சாலையில் எந்த விளக்கையும் அணைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அதனால் மிச்சம் குறைவு.

"ரூல்படி முதல் கம்பெனிதாங்க. டெண்டர் ஃபார்ம் நீங்க போட்டதுதானே?" என்றார் செயல் அலுவலர்.

நான் போட்டதுதான். எவ்வளவு மிச்சம் என்று கேட்டேனே தவிர, யாருக்கு எப்போது வெளிச்சம் வேண்டும் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை ஆபீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டாள்: "புது லைட்டு வருதாமே சார்? விடிகாலை மூணு மணிக்கு வேலைக்குப் போறோம், பாம்பு கெடந்தா தெரியும்ல?"

 திரும்பி உள்ளே போய், அவள் கேட்டதை அப்படியே அலுவலரிடம் சொன்னேன்; இன்று ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சாலையில் நடந்து பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் சொன்னார்: "சரி, நானும் வர்றேன்."

லைன்மேனிடம் உப்பளச் சாலையில் இன்றைக்கே ஒன்றுவிட்டு ஒன்றை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். அலாரம் வைத்தாயிற்று. டார்ச் எடுத்து வர வேண்டாம் என்று அலுவலரிடம் சொல்லிவிட்டேன்.