இரண்டு பேர் மட்டும் கேட்ட கிடார்

அன்பு மச்சான் தனசேகரா,

நலம் விசாரிக்க இனி வழியில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், நான் ஒரு காணொளிக்கு லைக் போட்டேன்.

உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நான்கு வருடம் நாம் கட்டிக் காத்த சட்டத்தை நான் உடைத்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு கேள்.

கூடவே இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீயும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டியவர்கள். உன் தங்கை மலரை நான் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகு. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசுவார்கள். நாம் உலகம் கண்டுகொள்ளாத கிடார்காரர்களைப் பற்றிப் பேசினோம். பனி கொட்டும் ஊரில் கையுறை போட்டுக்கொண்டு வாசித்த பல் மருத்துவர், பெட்ரோல் பங்கில் வண்டி வராத நேரத்தில் வாசித்த பெண் என்று நமக்கு ஒரு தனி சபையே இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது.

முதலில் நாமும் எல்லோரையும் போல லைக் போட்டவர்கள்தான். ஒரு மாண்டலின்காரரைப் பட்டறை முழுக்க அனுப்பிவைத்தோம். ஆறே மாதத்தில் அவர் பெரிய ஆளாகி, தாடியை எடுத்து, பல் தெரியச் சிரித்து, தலை எண்ணெய் ஒன்றைப் பற்றி எட்டு நிமிடம் பேசிவிட்டுப் பத்து விநாடி வாசித்தார். குற்றவாளிகள் நாம்தான் என்று முடிவு செய்தாய். மண்ணூர்பேட்டை டீக்கடை பெஞ்சில் சட்டம் பிறந்தது: லைக் கூடாது, கருத்து எழுதக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது, ஆளுக்கு ஒரு முறைக்கு மேல் பார்க்கவும் கூடாது.

"தடயம் வுடக்கூடாது மாமே. நல்லா கீதுன்னா கம்முனு கேட்டுக்கினு போய்க்கினே இருக்கணும்" என்றாய். திருடர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகத் தொழில் செய்வதில்லை.

அப்படித்தான் நீலச் சுவர்க்காரனைக் கண்டுபிடித்தோம். பெயர் இல்லை, முகம் இல்லை. ஒரு நீலச் சுவர், ஒரு பழைய கிடார், இரண்டு கைகள். வாரம் ஒரு காணொளி. பார்வைகள் எப்போதும் இரண்டு: நீ ஒன்று, நான் ஒன்று. ஆள் கொலம்பியா என்றாய். கீழே காலால் போடும் தாளம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் போனது என்றாய். பின்னணியில் அடிக்கடி ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. "சண்ட நடக்குது மாமே. அதுல கூட வாசிக்கிறான் பாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நானும் துடைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் நீ போனாய். அதைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

நான் தனியாகப் பார்த்துவந்தேன். சட்டப்படி வாரம் ஒரு முறை. போன வெள்ளிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்தேன். கைகள் வாசிக்கவில்லை. கிடார் மேல் சும்மா இருந்தன. ஒரு பெண் குரல் பேசியது.

"வணக்கம். யார்னா பாக்குறீங்களா இல்லியான்னு தெர்ல. ஒரு வருசமா வாசிச்சினு கீறேன், போதும்னு தோணுது. இந்த கிடார யாருக்குனா குடுத்துடலாம்னு கீறேன். வோணும்ன்றவங்க முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து டைலர் செல்வின்னு கேளுங்க, சொல்லுவாங்க."

மச்சான், நம் கொலம்பியா வண்டியில் போனால் அரை மணி நேரம். ஹெலிகாப்டர், அங்கே பக்கத்திலிருக்கும் விமானப்படை முகாமுடையது. போர் எதுவும் நடக்கவில்லை.

"இன்னாய்யா, காபிய லுங்கில ஊத்திக்கினு நிக்கிற?" என்றாள் மலர். நடந்ததைச் சொன்னேன். நீலச் சுவரிலிருந்து ஆரம்பித்து, சட்டம் உள்பட.

"ஒரு வருசமா ரெண்டு பேரும் பாத்துக்கினு, நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லல?"

"சட்டம்" என்றேன்.

"அந்தம்மா வாசிக்கிறதயே வுடப் போவுது. உங்க சட்டத்த தூக்கி ஒடப்புல போடு. ஞாயித்துக்கெழம போறோம், நானும் வரேன்."

போனோம். தையல் மெஷின் போட்ட சின்ன அறை. சுவர் நீலம்தான், நம் போனில் தெரிந்ததைவிடக் கொஞ்சம் வெளுப்பு. எங்களுக்கு முன்பே ஒருவர் வந்து, கிடாரைக் கட்டிலில் கிடத்தி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பட்டாபிராமில் பிரியாணிக் கடை திறக்கப் போகிறவராம்; இங்கே பிளவுஸ் தைக்கக் கொடுத்த மனைவி சொல்லி வந்தாராம்.

"வாசிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அய்ய, எனுக்கு இன்னா தெரியும் சார்? கல்லாவுக்கு மேல சொவுரு காலியா கீது. மாட்டுனா ஒரு லுக்கா இருக்கும்."

செல்வி என்னைப் பார்த்து, "நீங்களும் கிடாருக்கா வந்தீங்க?" என்றார்.

"இல்லம்மா. நான் பாக்குறவன்."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டுல ஒண்ணு நீங்களா?"

தலையாட்டினேன்.

"எங்க அக்காவும் மாமாவும்தான் பாக்குறாங்கன்னு நெனச்சேன். கேட்டா, எங்கூட்ல நெட்டே இல்லடின்றா. அப்போ யாருடா அந்த ரெண்டு பேருன்னு ஒரே யோசன. ஊசில நூலு கோக்கசொல்லோ கூட அதான்." கட்டிலில் கிடந்த கிடாரைப் பார்த்தார். "ஆடிலேந்து அது ஒண்ணாயிட்ச்சி. சரி, ஒர்த்தருக்குப் புடிக்காம பூட்ச்சி, மிச்சம் கீறவரு எத்தினி நாளைக்கிப் பாப்பாருன்னுதான் குடுத்துடலாம்னு…"

"புடிக்காமப் போவலம்மா" என்றேன். "அவன் செத்துட்டான். இவளோட அண்ணன்."

பிரியாணிக் கடைக்காரர் டேப்பைச் சுருட்டினார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சின்னக் குரலில், "நா அவர திட்னேங்க" என்றார்.

"இன்னான்னு?" என்றாள் மலர்.

"ரசன கெட்டவன்னு."

மலர்தான் முதலில் சிரித்தாள். "எங்கண்ணன குடிகாரன்னு சொல்லிகீறாங்க, சோம்பேறின்னு சொல்லிகீறாங்க. இத மட்டும் ஒர்த்தரும் சொன்னதில்லமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

நீ டீக்கடையில் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். உன் வாய்க்கு அது எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். மழைச் சத்தத்தோடு வந்த காணொளியில் நடுவில் ஒரு சுரம் தப்பிப் போனதும், அதை விட்டுவிடாமல் அடுத்த சுற்றிலும் வேண்டுமென்றே அதே தப்பை வாசித்து அதைப் பாட்டாகவே ஆக்கியதும் நீ சொன்னதுதான். ஒரு தப்பை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற ஆளைப் பார்த்ததில்லை என்றாயே, அதையும் சொன்னேன்.

"அத கேட்டாரா அவரு?" என்றார் செல்வி. "அத யாரும் கண்டுக்கினு இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேனே."

கட்டிலிலிருந்து கிடாரை எடுத்தார். மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போனதாம். பிளவுஸ் தைத்துக்கொண்டே போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அந்த இடத்தை வாசித்துக் காட்டினார். கால் கீழே தாளம் போட்டது. ஆப்பிரிக்கா இல்லை மச்சான், தையல் மெஷினின் மிதிகட்டை. ஆனால் தாளம் நீ சொன்ன அளவு நல்ல தாளம்தான்.

முடிந்ததும் பிரியாணிக் கடைக்காரர் எழுந்து டேப்பைப் பையில் போட்டுக்கொண்டார். "இத ஆணில மாட்டக்கூடாதும்மா" என்றார். "தெறப்பு விழாவுக்கு வந்து வாசிக்கிறியா?" செல்வி மலரைப் பார்த்தார். மலர், "வரும், நீ போய் அரிசி ஊற வை" என்றாள்.

அப்போதுதான் போனை எடுத்து லைக் போட்டேன். மலரும் கடைக்காரரும் சாட்சி. பிறகு செல்வியின் எல்லாக் காணொளிகளுக்கும் போட்டேன். கட்டைவிரல் வலித்தது.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தலை எண்ணெயை ஞாபகப்படுத்துவாயா? அல்லது எனக்கு முன்னால் வண்டியை உதைத்திருப்பாயா? பல் மருத்துவரும் பெட்ரோல் பங்க் பெண்ணும் இதே மாதிரி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்னவோ.

ஒன்று உறுதி சொல்கிறேன். இனி நல்ல வாசிப்பு எது காதில் விழுந்தாலும், வாசித்தவருக்கு அன்றைக்கே சொல்லிவிடுவேன். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்து அதை எழுதுவேன்.

பிரியாணிக் கடை நேற்று திறந்தது, செல்வி வந்து வாசித்தார். கல்லாவுக்கு மேல் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்,
மண்ணூர்பேட்டை முருகேசன்