சுதாவின் கம்ப்யூட்டருக்கு இரண்டு சாண்

வெள்ளிக்கிழமை இரவு

மகள் சுதா கேம் விளையாடப் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்க்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் எட்டாத இடம், சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டு மட்டும்தான். சுதாவோடு போன ஹட்டன் கடையிலிருந்து மனைவி சரசுவுக்குப் போன் போட்டு, அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு சாண் இருக்குங்க" என்றாள்.

பாகங்களை உள்ளே வைக்கச் சுதா எடுத்த சின்னப் பெட்டி விலை கூட. விலை குறைந்த இன்னொன்றைச் சாண் போட்டுப் பார்த்தேன், சரியாக இரண்டு. மிச்சக் காசுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வரும்.

"அப்பா, அம்மாவ டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க."

"ஏன் புள்ள, பெட்டிக்குச் சட்டையா தைக்கப் போறோம்?"

கடைக்காரரும் சிரித்தார். சாமான்களைப் பெட்டிக்குள் பொருத்திப் பூட்டிவிட்டால் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார். சரி என்று காசைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தால், என் கைக்கு ஒன்றரைச் சாண்தான். சரசுவின் கை சின்னது. அதை எப்படி மறந்தேன்?

காலையில் கடை திறந்ததும் சாமான்களைப் பூட்டிவிடுவார்கள். இப்போது போன் எடுக்க ஆளில்லை. சுதா நிம்மதியாகத் தூங்குகிறாள். சாமி படத்தை அரைச் சாண் நகர்த்தினால் இடம் வரும். யார் கைக்கு அரைச் சாண் என்று சரசு கேட்பாள்.