நிலவன் திரும்பி வந்த அத்தியாயம்

கல்மண்டபம்,
ராயபுரம்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

அண்ணி தேசராணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? போனில் பேச ஆரம்பித்தால் நெட் சரியில்லை அண்ணி என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் 'நீலக்கடலில் என் நிலவன்' தொடர்கதை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பிடிக்கவில்லை. புயலில் மாட்டிக்கொண்டவன் மேல் சந்தன வாசம் எப்படியம்மா வரும்? நம் வீட்டு ஆம்பளைகள் கரையேறி வந்தால் டீசல் நாற்றம்தானே வரும், உனக்கு மறந்துபோச்சா? அந்த மலர்விழி பக்கத்துக்குப் பக்கம் மயங்கி விழுகிறாள். ஒரு நாளாவது எழுந்து உலை வைத்தாளா? எனக்குப் பிடித்த கதைகளில் யாருக்காவது பல்வலி வரும். யாராவது குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டுத் திட்டு வாங்குவார்கள். டோல்கேட் பக்கம் நூலகத்தில் நான் கேட்கும் புத்தகங்களை அந்த அம்மா தூசி தட்டித்தான் எடுத்துத் தருவார். என் ருசி அப்படி, விடு.

ஆனால் மற்ற எல்லோருக்கும் பிடித்திருக்கிறதே, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் ஜஹானாரா அக்கா போனை பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டி, உன் கதையை ஆடியோவாக ஓடவிடுகிறாள். கையெல்லாம் ஈரம், எழுந்து நிறுத்தவும் முடியாது. சத்தத்தையாவது குறை என்றால், "இன்னாமே, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா" என்று என்னையே கேட்கிறாள். நிலவன் கடலில் மூழ்கிய அன்று நடந்த கூத்தைக் கேள். நம் குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகமாட்டோம் இல்லையா? அதே மாதிரி எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்! பாதி உரித்த இறால் அப்படியே கிடந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து உரித்தேன். கதையில் செத்தவனுக்கெல்லாம் துக்கம் காக்க என்னால் ஆகாது.

மறுவாரம் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். வெளிநாட்டுக் கப்பல் காப்பாற்றியதாம், பழசெல்லாம் மறந்துவிட்டதாம், ஏதோ துறைமுகத்தில் தன் பெயர்கூடத் தெரியாமல் மூட்டை தூக்கினானாம். கொட்டகையே கை தட்டியது. எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

எரிச்சலோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிலவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு வைத்தாய், கயிறு அறுந்து அடித்த தழும்பு. அது யாருடைய தழும்பு என்று எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். விசைப்படகோடு புயலில் போன உன் அண்ணன் தாமோதரனின் உடம்பு கிடைக்கவில்லை என்று இத்தனை வருஷம் காரியம் செய்யவிடாத அத்தை, போன ஆடி அமாவாசைக்குத்தான் மனசைத் தேற்றிக்கொண்டு சம்மதித்தார். படத்துக்கு மாலை போட்டோம். நீ எழுதிய அந்த அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாலையைக் கழற்றிவிட்டார். என்னைப் பொட்டு வைக்கச் சொல்கிறார்.

அது கதை அத்தை, வெறும் கதை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எம்பொண்ணு படிச்சவ. கப்பல்லாம் வந்து நிக்கிற ஊர்ல கீறா. தாமோதரன் சேதி கெடச்சிருக்கும். வெளிய சொன்னா வம்புன்னு கதையா எயுதிக்கீறா" என்கிறார். இப்போது தினமும் காசிமேட்டுத் துறைமுகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் அவன் வரட்டும் என்கிறார். போன வாரம் வெயிலில் மயங்கி விழுந்து முழங்கையில் தையல் போட்டிருக்கிறது. கட்டோடு மறுநாளும் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெயா.

இரண்டாம் பாகம் எழுதப்போவதாகச் சொல்கிறாய். லட்சம் பேர் காத்திருக்கிறார்களாம். காத்திருக்கட்டும். நீ முதலில் புறப்பட்டு வா. அத்தை முன்னால் உட்கார்ந்து, இது நானாக நினைத்து எழுதியது அம்மா என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் எடுபடவில்லை. புருஷன் செத்துப்போய்விட்டான் என்று அடித்துச் சொல்கிற பெண்டாட்டியை யார் நம்புவார்கள்? அவனைத் திருப்பி அனுப்பி வைத்தவள் நீ. உன்னைத்தான் நம்புவார்.

உன் குடும்பமும் உன் எழுத்தும் நன்றாக இருக்கட்டும். அண்ணி திட்டிவிட்டாளே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே.

இன்னும் ஒன்றே ஒன்று. ஒருவேளை நிஜமாகவே உனக்கு ஏதாவது சேதி வந்திருந்தால், அத்தையிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி
தேசராணி